நான்காம் மாடி பச்சையாக இருந்தது

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் கடலும் சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். உன் அண்ணன் இன்றைக்கும் கடைச் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய், ரிப்பேருக்குக் கொடுத்த மோட்டாரை வாங்கிப்போக வந்தவர்களைத் தெருவில் நிற்கவைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். கதவு, அலமாரி, டிராயர் எல்லாவற்றுக்கும் ஒரே சாவி வைத்திருக்கிற மனிதர் அந்த ஒன்றைத்தானே மறப்பார்.

நீ கப்பலேறி நான்கு வருடமாகிறது. இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கழுத்தில் கத்தி இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நீ வார்டு வார்டாக மாட்டிவிட்டுப் போன நெட்வொர்க் பெட்டிகள் ஒழுங்காகத்தான் ஓடுகின்றன. நர்ஸைக் கூப்பிடும் மணியிலிருந்து எக்ஸ்ரே படம் வரை எல்லாம் அவற்றின் வழியாகத்தான் போகிறது. போன மாதம் அவற்றைக் கண்காணிக்க ஒரு புது மென்பொருளை வாங்கி என் தலையில் கட்டினார்கள். அதில் 'டிஸ்கவரி' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் அதுவே நெட்வொர்க் முழுக்கத் தேடிப்போய், எந்தப் பெட்டி எந்த ஐ.பி. முகவரியில் இருக்கிறது என்று படம் போட்டுவிடுமாம். பெட்டி உயிரோடு இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

அழுத்தினேன். முப்பத்தெட்டுப் பெட்டிகளில் பாதிதான் வந்தது. வந்த பாதிக்கும் தப்பான முகவரி. இரண்டாம் மாடியைத் தட்டினால் ஐந்தாம் மாடி எழுந்து வந்து 'என்ன வேணும்?' என்கிறது. மறுநாள் அதே முகவரியில் மருந்தகம் நிற்கிறது. பத்து நாளாக ஆள்மாறாட்டக் கேஸ் விசாரிப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் மேலாளர் எதைச் சொன்னாலும் "நோட் பண்ணிக்கிட்டேன்" என்பார். அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஜூன் வரை நேரம் கொடுத்திருக்கிறார். அதற்குள் படம் சரியாகாவிட்டால் கண்காணிப்பு வேலை முழுவதும் வெளிக் கம்பெனிக்குப் போய்விடும். அப்புறம் அங்கே எனக்கு நாற்காலி இல்லை.

அந்த முகவரிகள் எல்லாம் நீ கொடுத்தவை. என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று எழுது. வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

⁂

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். கப்பலும் நலம். சமையல்காரரின் கைமணத்தால் வயிறு மட்டும் கொஞ்சம் நலமில்லை. உங்கள் கடிதம் துறைமுகத்தில் காத்திருந்து நேற்றுதான் என் கைக்கு வந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் கடலடியில் இணையக் கேபிள் போடுகிறோம். எங்களுக்கு மட்டும் இணையத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுகிறார்கள். அதுவும் வேலைச் செய்திக்கே சரியாகிவிடுகிறது. கரை தொட்டால்தான் கடிதம், கரை தொட்டால்தான் பதில். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சிக்கல் பெரிய விஷயமில்லை. சர்வரில் பழைய பெயர்களும் பழைய முகவரிகளும் தேங்கிக் கிடக்கும். டிஸ்கவரி அவற்றைப் பார்த்துக் குழம்பும். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு முறை ஓட்டுங்கள். சரியாகிவிடும்.

அண்ணன் இன்னமும் மோட்டாரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறாரா? மோட்டார் ஓடாவிட்டால், "மாப்பிள்ளை கோவிச்சுக்கிட்டார், கொஞ்சம் உபசாரம் பண்ணணும்" என்று துடைத்து எண்ணெய் விடுவாரே. உங்கள் மென்பொருளுக்கும் அந்த உபசாரத்தைச் செய்து பாருங்கள்.

என்னைப் பற்றிக் கேட்டாரா என்று நான் கேட்கப்போவதில்லை.

பிரியமுள்ள தம்பி

⁂

பிப்ரவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் வயிறு சரியானதா?

உபசாரம் செய்தேன். மாப்பிள்ளை இன்னும் முறுக்கிக்கொண்டார். துடைத்துவிட்டுப் புதிதாக ஓட்டியதில், பாதியாக இருந்தது கால்வாசி ஆகிவிட்டது. ஒரே பெட்டிக்கு மூன்று மாடியின் பெயர். மென்பொருள் விற்றவர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டால், ஒரு பையன் தேன் ஒழுகும் குரலில் "ஒரு தடவை எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா மேடம்?" என்றான். "இது ஆஸ்பத்திரிப்பா. ஆஃப் பண்ணினா சில பேர் திரும்ப ஆன் ஆக மாட்டாங்க" என்றேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக வைத்தான். இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். குழம்பிய பெட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே முகவரி வருகிறது. 250 என்று முடிகிறது. எங்கள் முகவரி வரிசை எதிலும் அது இல்லை. எல்லா வீட்டுக் கல்யாணப் படத்திலும் முன்பின் தெரியாத ஓர் ஆள் சிரித்துக்கொண்டு நிற்பதுபோல் நிற்கிறது. இந்த 250 யார்? உனக்குத் தெரிந்தவரா?

உன் அண்ணனுக்கு முதுகுவலி. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே காட்டினோம். தண்டுவடத்தில் ஏதோ நசுங்கியிருக்கிறதாம். பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்கிறார்கள். நீ கேட்காத கேள்விக்குப் பதில்: அவர் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் கடைப் பலகையில் 'சகோதரர்கள்' என்று இருப்பதை அழிக்கவும் இல்லை.

அண்ணி

⁂

மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அண்ணன் முதுகு எப்படி இருக்கிறது என்று விவரமாக எழுதுங்கள். கனமான மோட்டாரை அவர் தனியாகத் தூக்கக் கூடாது. இதை நான் சொன்னதாகச் சொன்னால், "தூக்க ஆள் இல்லாமப் போனது யாரால?" என்பார். அதனால் நீங்களே சொன்னதாகச் சொல்லுங்கள்.

250 என்று எந்தப் பெட்டிக்கும் நான் முகவரி கொடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முகவரி கொடுத்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, சீட்டு ஒட்டிவிட்டுத்தான் வந்தேன். நீங்களே பார்த்தீர்கள். என் வேலையில் குறை இல்லை அண்ணி. மலிவாகக் கிடைத்தது என்று எதையோ வாங்கிவிட்டு, பெட்டியை மாட்டியவனைக் குடைகிறார்கள். அந்த 250 உங்கள் மென்பொருளின் கற்பனை. டிஸ்கவரியை நம்பாமல், முப்பத்தெட்டையும் உங்கள் கையாலேயே சேர்த்துவிடுங்கள். தகராறு தீர்ந்தது.

பிரியமுள்ள தம்பி

⁂

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்று தெம்பில்லை.

நீ சொன்னபடி கையாலேயே சேர்த்தேன். முப்பத்தெட்டும் பச்சை. நோட் பண்ணிக்கிட்டேன் சார் சிரிக்கக்கூடச் செய்தார். ஆனால் அந்த 250 உள்ளேயேதான் இருந்திருக்கிறது. படத்தில் தனித்தனியாகக் காட்டிவிட்டு, நான்காம் மாடியும் இரண்டாம் மாடியும் ஒரே பெட்டி என்று மென்பொருள் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருந்தது. இரண்டில் ஒன்று பதில் சொன்னால் போதும், இரண்டும் உயிரோடு இருப்பதாகப் பச்சை காட்டும்.

செவ்வாய்க்கிழமை மதியம் நான்காம் மாடிப் பெட்டி நின்றுவிட்டது. ஆண்கள் வார்டு. அதோடு மணிகளும் நின்றுவிட்டன. முந்தின நாள் ஆபரேஷன் ஆன ஒருவர், எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லி வைத்திருந்தவர், மணி அடித்திருக்கிறார். யாரும் வரவில்லை. மறுபடி மறுபடி அடித்திருக்கிறார். கடைசியில் தானே எழுந்து விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இன்னோர் ஆபரேஷன். இனி பழையபடி நடப்பாரா என்று டாக்டர் வாய் திறக்கவில்லை.

நான் கீழே திரையின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் மாடி பச்சையாக இருந்தது.

250 யார் என்று நன்றாக யோசித்து எழுது.

அண்ணி

⁂

ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே? பழியை உங்கள் மேல் போட்டால் விடாதீர்கள். மென்பொருளை வாங்கியவர்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு அந்த ஆள் ஏன் எழுந்தார்? கொஞ்சம் பொறுத்திருந்தால் யாராவது வந்திருப்பார்கள். அவருடைய அவசரத்துக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்? அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

வேலைக்கு வருகிறேன். ஒரு பெட்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முகவரி இருக்கலாம். டிஸ்கவரி, பெட்டியிடம் 'உன் முகவரிகளைச் சொல்' என்று கேட்டுவிட்டு, அதில் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொள்ளும். அதனால் மென்பொருளைக் கேட்காதீர்கள். பெட்டிக்கே போய், அந்த 250 கேபிள் செருகும் எந்தத் துளையில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

அண்ணன் முதுகைப் பற்றிப் போன கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. இப்போது தேவலையா?

பிரியமுள்ள தம்பி

⁂

மே 12

தம்பிக்கு,

முதலில் உன் கேள்விக்குப் பதில். அந்த ஆள் ஏன் எழுந்தார் என்றால், மனிதருக்கு அவசரம். பெரிய உடம்பை வைத்துக்கொண்டு படுக்கையை நனைத்துவிடக் கூடாதே என்ற மானம். கட்டிலோடு இருக்கும் பொத்தானை விரல் நோக அழுத்தினார் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். தூக்க வந்த நர்ஸ் அழுதுகொண்டே, "ஏன் சார், மணி அடிக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். "அடிச்சேம்மா. மாப்பிள்ளை அசந்துட்டார் போலிருக்கு. பாவம், அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாராம், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு 'பொறுத்திருக்கலாம்' என்று எழுத உனக்குச் சுலபமாக இருக்கிறது.

இனி 250. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் தனியாக ஒரு துளை. ரிப்பேர் பார்க்க வருகிறவர் லேப்டாப்பைச் செருகுவதற்கான வழி. நெட்வொர்க்கில் எதோடும் சேராதது. நான்காம் மாடியில் செருகினேன். 250 பதில் சொன்னது. இரண்டாம் மாடியிலும் 250. மருந்தகத்தில், எக்ஸ்ரேயில், முப்பத்தெட்டிலும் அதே 250. ஒவ்வொரு துளைக்கும் மேலே 250 என்று எழுதிய சீட்டு. உன் கையெழுத்து.

டிஸ்கவரி ஒவ்வொரு பெட்டியின் முகவரிகளையும் கேட்டு, எல்லாவற்றிலும் 250 இருப்பதைப் பார்த்து, எல்லாம் ஒரே ஆள் என்று முடிவு கட்டியிருக்கிறது. பாவம், அது வேறு என்ன நினைக்கும்? எல்லாவற்றிலிருந்தும் அந்த 250-ஐப் பிடுங்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். முப்பத்தெட்டும் வந்தன, அவரவர் முகவரியோடு. அப்புறம் நான்காம் மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு, மணிக்குப் பதிலாக வாசலில் ஓர் ஆளை நிறுத்திவிட்டு, பெட்டியின் கேபிளை உருவினேன். கீழே வந்து பார்த்தால் நான்காம் மாடி மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து அழுதுவிட்டேன்.

யார் இப்படிச் செய்தது என்று மேலாளர் கேட்டார். தெரியாது என்றேன். அதையும் நோட் பண்ணிக்கொண்டார்.

இனி உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. நன்றாக இரு.

அண்ணி

⁂

ஜூன் 21

தம்பிக்கு,

என் மே மாதக் கடிதம் கிடைத்ததா? உன் கப்பல் கரை தொட்டதாக உன் கம்பெனியில் சொன்னார்கள். அப்படியானால் கடிதமும் கிடைத்திருக்கும்.

என் நாற்காலி தப்பித்தது. வெளிக் கம்பெனி வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். உதவி எண் பையன்கூடக் கூப்பிட்டு, "எப்படி மேடம் சரி பண்ணீங்க?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டான்.

நான் கோபத்தில் எழுதியதுதான். அதில் ஒரு வரியையும் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் நீ வாய் மூடிக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை. திட்டியாவது எழுது.

அண்ணி

⁂

ஜூலை 2

அண்ணிக்கு,

கடிதம் மே கடைசியிலேயே கிடைத்தது. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன்.

மெஷினை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். ஏப்ரலிலிருந்து அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அந்த ஆள் ஏன் எழுந்தார்' என்று எழுதிய என் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

250 எப்படி வந்தது என்றும் நினைவு வந்துவிட்டது. பெட்டிகளை மாட்டும்போது, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று அதன் முகவரியைத் தாளில் தேட வேண்டியிருந்தது. எரிச்சலாக இருந்தது. "எல்லாத்துக்கும் ஒரே சாவியப் போடு, தேடுற வேலையே இருக்காது" என்று அண்ணன் கடையில் சொல்வாரே. அதேபோல் எல்லாப் பக்கவாட்டுத் துளைக்கும் ஒரே முகவரியைப் போட்டேன். எந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றாலும் கேபிளைச் செருகினால் போதும், திறந்துகொள்ளும். என்னைத் தவிர யாரும் தொடாத வழி என்பதால் அதை ஒரு முகவரியாகவே நான் நினைக்கவில்லை. அதனால்தான் கொடுக்கவில்லை என்று அவ்வளவு தைரியமாக எழுதினேன்.

ஏன் அண்ணி என்னிடம் சொல்லவில்லை?

ஆகஸ்டோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஐந்து வருடத்துக்குக் காகிதம் நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். எந்த முகத்தோடு அவர் முன்னால் வந்து நிற்பேன்?

தம்பி

⁂

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். இந்த வீட்டில் இப்போது அதுவே சுகம்தான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருந்தாய். விழுந்த அன்றே அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு எழுதாதே. எழுதினா வேலைய விட்டுட்டு ஓடி வருவான். இல்லன்னா, எழுதியும் வரமாட்டான். ரெண்டையும் என்னால தாங்க முடியாது" என்றார். நான் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். மாப்பிள்ளைதான் சொல்லிவிட்டார்.

உன் கடிதத்தை அவருக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். ஒரே சாவி என்ற இடம் வந்ததும், "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். பிறகு பேனா கேட்டார். இந்த வீட்டுக்கு நான் வந்த நாளாக ரசீதைத் தவிர அவர் எதையும் எழுதிப் பார்த்ததில்லை. மீதியை அவர் எழுத்திலேயே படித்துக்கொள்.

அண்ணி

தம்பி,

கம்பு வச்சுக்கிட்டு நடக்கிறேன். நீ எப்படி இருக்க?

ஒரே சாவி போடச் சொன்னது நான். அதனால பழியில பாதி எனக்கு. மொத்தத்தையும் நீயே எடுத்துக்காத. சின்ன வயசிலேர்ந்து உனக்குப் பங்கு குடுக்கத் தெரியாது.

கடையில இப்ப தனித்தனிப் பூட்டு போட்டாச்சு. கொத்துச் சாவி. எது எதுக்குன்னு உங்க அண்ணி சீட்டு ஒட்டிக் குடுத்திருக்கா. எல்லாத்தையும் திறந்துட்டேன், கீழ் டிராயரைத் தவிர. என்னால குனிய முடியல. வேற ஆள் கையில அந்தச் சாவியக் குடுக்கவும் மனசு வரல. மோட்டாருக்குச் சுத்துற கம்பி பூரா அதுக்குள்ளதான் கிடக்கு. வெளிய மாப்பிள்ளைங்க வரிசையா காத்துக்கிட்டு இருக்காங்க.

அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடாத. வந்து டிராயரைத் திற.

அண்ணன்